டெல்லியிலிருந்து லே எவ்வளவு தூரம்? – வாசகர் கேள்வி பதில்

லடாக்கின் முக்கிய நகரமான லேக்குப் போக நினைக்கும் வாசகர்கள் தூரம், விமான நேரம், இணைப்பு விமானம், உடல்நிலை என்று பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் இந்த இதழில் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கேள்வி: டெல்லியிலிருந்து லே 620 கி.மீ. என்று ஒரு தளம் சொல்கிறது. கிட்டத்தட்ட 1,000 கி.மீ. என்று இன்னொன்று சொல்கிறது. டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? – வாசகர், மதுரை

மூன்றையும் நம்பலாம். 620 கி.மீ. என்பது ஆகாய தூரம். இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெல்லி விமான நிலையம் வடக்கே 28.56 பாகை அட்சரேகையில் இருக்கிறது, லே 34.14 பாகையில். வித்தியாசம் 5.58 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. என்றால் 620 கி.மீ. வந்துவிடும். தீர்க்கரேகையில் இரண்டுக்கும் அரைப் பாகைகூட வித்தியாசம் இல்லை. அதனால் கூடுவது ஒன்றிரண்டு கி.மீ.தான். அதாவது டெல்லிக்கு நேர் வடக்கே இருக்கிறது லே.

1,000 கி.மீ. என்பது மணாலி வழியாகப் போகும் சாலை தூரம். டெல்லி–மணாலி 530 கி.மீ. அளவில் வரும், மணாலி–லே 428 கி.மீ. ஸ்ரீநகர் வழியாகச் சுற்றிப் போனால் 1,200 கி.மீ.யைத் தாண்டிவிடும்.

இனி நேரம். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகிறது என்று வைத்தால் 620 கி.மீ.க்கு 46 நிமிடம் போதும். ஆனால் டிக்கெட்டில் அச்சிடுவது வானத்தில் பறக்கும் நேரத்தை மட்டும் அல்ல. டெல்லியில் விமானம் நிறுத்தத்தை விட்டு நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, லேயில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நிமிடம்வரை உள்ள மொத்த நேரம் அது. டெல்லியில் ரன்வேக்கு ஊர்ந்து போகவே 15, 20 நிமிடம் ஆகும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் 800 கி.மீ. வேகம் கிடையாது. லேயில் பள்ளத்தாக்குக்குள் வளைந்து இறங்க வேண்டும். அதனால்தான் நிறுவனத்தைப் பொறுத்து 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 30 நிமிடம் வரை போடுகிறார்கள்.

உள்நாட்டு ஜெட் விமானம் எதற்கும் பொருந்தும் கைக்கணக்கு ஒன்று உண்டு: ஆகாய தூரத்தை 800-ஆல் வகுத்து, 35 நிமிடம் கூட்டுங்கள். சென்னை–டெல்லி ஏறத்தாழ 1,760 கி.மீ.; கணக்குப்படி 2 மணி 47 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். கொச்சி–அகத்தி போல ஏ.டி.ஆர். என்ற விசிறி விமானம் ஓடும் தடமாக இருந்தால் 800-க்குப் பதில் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு விமானங்களில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசப்படுகிறது. டெல்லி–லேயில் அப்படி இல்லையே, ஏன்? – வாசகர், கோவை

மேல்வானத்தில் வேகமாக ஓடும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவது. சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது, வரும்போது அதுவே முதுகில் தள்ளுகிறது. டெல்லி–லே தடம் தெற்கு வடக்கு. அந்தக் காற்று பக்கவாட்டில்தான் படும். போனாலும் வந்தாலும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கேள்வி: லேக்கு எந்த நிறுவனத்தில் தேடினாலும் காலை விமானம் மட்டுமே காட்டுகிறது. மாலையில் ஏன் ஒன்றுகூட இல்லை? – வாசகர், திருச்சி

லே பயணத்தைத் திட்டமிடுகிற எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். விரிவாகவே சொல்கிறோம்.

லே விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3,256 மீட்டர், அதாவது 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெல்லிய காற்றில் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும். என்ஜினுக்கு உந்தும் வலு குறையும். வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலியும். 5 டிகிரி குளிரில் லேயின் காற்று கடல்மட்டக் காற்றைப் போல 69 சதவீதம் அடர்த்தியோடு இருந்தால், 30 டிகிரியில் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 25 டிகிரி வெயில் அடிக்கும் நேரத்தில், விமானத்தைப் பொறுத்தவரை லே 3,256 மீட்டரில் இருக்கும் ஊர் அல்ல. 4,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர்.

இது ரன்வேயில் என்ன செய்யும் என்று பாருங்கள். கடலோர விமான நிலையத்தில் மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் வந்து இறங்கும் ஒரு விமானம், அதே எடையோடு லேயில் 25 டிகிரியில் இறங்கினால் தரையைப் பொறுத்த வேகம் 310 கி.மீ. ஆகிவிடும். விமானி முன் இருக்கும் வேகமானி இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் சக்கரம் தரையைத் தொடுவது 310-இல். பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு. ரன்வேயின் நீளமோ சுமார் 2,750 மீட்டர்தான்.

அடுத்து மலை. லேயின் ரன்வே மேற்கே தாழ்ந்து கிழக்கே உயர்ந்து சரிவாக இருக்கிறது. கிழக்குப் பக்கம் மலை எழுந்து நிற்கிறது. எனவே விமானங்கள் மேற்கிலிருந்து வந்து மேடேறும் திசையில் இறங்கும். கிளம்பும்போது திரும்பி நின்று மேற்கு நோக்கிச் சரிவில் ஓடி எழும்பும். மற்ற ஊர்களில் காற்று திசை மாறினால் ரன்வேயின் மறுமுனையிலிருந்து இறங்குவார்கள். லேயில் அந்த வழி இல்லை.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. வெயில் ஏறியதும் மலைச்சரிவுகள் சூடாகி, சிந்து நதிப் பள்ளத்தாக்கு வழியாக மேற்கிலிருந்து காற்று பலமாக மேலே ஏறத் தொடங்கும். இறங்க வரும் விமானத்துக்கு அது பின்காற்று. பின்காற்று வேகத்தைக் கூட்டும், ரன்வேயைத் தின்னும். ஏற்கெனவே 310 கி.மீ.யில் வருகிற விமானத்துக்கு இதைத் தாங்க இடம் இல்லை. பள்ளத்தாக்கில் காற்று மலைமுகடுகளில் மோதிச் சுழலும் குலுக்கலும் அதே நேரத்தில்தான் தொடங்கும். ஆகவே விடியற்காலையில் டெல்லியில் கிளம்பி, காலையிலேயே லேயில் இறங்கி, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவது என்று அட்டவணையை அமைத்திருக்கிறார்கள்.

இறங்கும் பாதையும் பெரும்பாலும் மலைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வரவேண்டிய பாதை. மேகம் பள்ளத்தாக்கை அடைத்துவிட்டால் விமானி வட்டமடித்துப் பார்ப்பார், முடியவில்லை என்றால் திரும்பிவிடுவார். லேக்கு ஓட்டுவதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற கேப்டன்களைத்தான் இந்தத் தடத்தில் அனுப்புகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இறக்காமல் திருப்பிவிட்டார்களே" என்று கோபப்படும் பயணிகள் உண்டு. அந்த விமானி செய்தது சரியான காரியம். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து லேக்கு நான்கு பேர் குடும்பமாகப் போகிறோம், ஜூலையில். எப்படி டிக்கெட் போடுவது? டெல்லியில் எவ்வளவு இடைவெளி வேண்டும்? – வாசகி, சென்னை

சென்னை–லே ஆகாய தூரம் சுமார் 2,360 கி.மீ. நேராகப் பறந்தால் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம்தான். டெல்லியில் மாறிப் போவதால் வீட்டு வாசலிலிருந்து லே விடுதிவரை முக்கால் நாளாவது ஆகும்.

லே விமானங்கள் பலவும் டெல்லியிலிருந்து விடியற்காலையில் கிளம்புபவை. ஆகையால் முந்தைய நாள் மாலையே சென்னையிலிருந்து புறப்பட்டு, இரவு ஒன்பது பத்து மணிக்குள் டெல்லி சேர்ந்துவிடுங்கள். நள்ளிரவு விமானத்தில் போய் மூன்று மணி நேர இடைவெளியில் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தூங்காமல் 3,500 மீட்டர் உயரத்துக்குப் போவது உடம்புக்குச் செய்யும் கெடுதல். ஏரோசிட்டி, மகிபால்பூர் பக்கம் தங்கினால் விமான நிலையம் அருகிலேயே இருக்கும்.

எந்த டெர்மினல் என்பதை இரண்டு டிக்கெட்டிலும் பாருங்கள். டெல்லியில் டெர்மினல் 2, 3 இரண்டும் நடந்து போகிற தூரம். டெர்மினல் 1 சில கி.மீ. தள்ளி இருக்கிறது, மாற அரை மணிக்கு மேல் ஆகும். லே விமானம் 6 மணிக்கு என்றால் பெட்டி வாங்கும் கவுன்டரை 5 மணிக்கே மூடிவிடுவார்கள். அந்த நேரத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது; முதல் நாள் இரவே டாக்சி சொல்லிவையுங்கள்.

சென்னை–டெல்லி, டெல்லி–லே இரண்டையும் ஒரே பி.என்.ஆரில், ஒரே நிறுவனத்தில் போடுங்கள். முக்கியமாகத் திரும்பும்போது. லேயில் விமானம் ரத்தானால், ஒரே பி.என்.ஆர். என்றால் உங்களைச் சென்னைவரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் டெல்லி–சென்னை விமானத்துக்கு நீங்கள் வராதவர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். தட்பவெப்பத்தால் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம்; அதற்குமேல் நஷ்டஈடு கிடையாது.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, லேயிலிருந்து கிளம்புவது அன்றைய முதல் விமானங்களில் ஒன்றாக இருக்கட்டும். பத்து பதினொரு மணி விமானம் டெல்லியில் தாமதமானால், லேயின் காலை நேரம் கடந்து ரத்தாகவே வாய்ப்பு அதிகம். இரண்டு, ஜூலையில் வெப்பமே காரணமாக ரத்தாகலாம். 2024 ஜூலைக் கடைசியில் லேயில் 30 டிகிரியைத் தாண்டி வெயில் அடித்ததால் அடுத்தடுத்த நாட்களில் பல விமானங்கள் ரத்தாயின. டிசம்பர், ஜனவரியில் இதற்கு நேர்மாறாக டெல்லியின் மூடுபனி காலை விமானங்களைப் பிடித்துவைக்கும். பனி விலகும்போது லேயில் நேரம் முடிந்திருக்கும். மூன்று, இவை இரண்டும் சேர்ந்து சொல்வது: லேயிலிருந்து டெல்லி வந்த மறுநாள் அலுவலகம், பரீட்சை, கல்யாணம் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முழு நாள் கையில் வையுங்கள். ரத்தான விமானத்தின் பயணிகள் எல்லோரும் மறுநாள் விமானத்துக்குத்தான் நிற்பார்கள். சீசனில் அதுவும் நிறைந்தே இருக்கும்.

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் விமானம்தான் அவருக்கு அலைச்சல் இல்லாதது என்கிறார் கணவர். சரிதானா? – வாசகி, தஞ்சாவூர்

அலைச்சல் இல்லைதான். ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை விமானம்தான் கடினமான வழி. டெல்லி 200 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது, லே நகரம் 3,500 மீட்டரில். இந்த ஏற்றத்தைச் சாலையில் போகிறவர் இரண்டு மூன்று நாளில் ஏறுகிறார். விமானத்தில் போகிறவர் காலைச் சிற்றுண்டிக்கு முன் ஏறிவிடுகிறார். உடம்புக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இந்த விமானத்துக்குள் நடக்கும் ஒன்றைக் கவனித்தால் இது புரியும். சாதாரணமாக விமானம் கீழிறங்கும்போது பயணிகள் அறைக்குள் காற்றழுத்தம் கூடும். பறக்கும்போது அறை அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலப் பராமரிக்கப்படும். லே அதைவிட உயரம். அதனால் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே இறக்கம், உள்ளே ஏற்றம். கையில் வைத்திருக்கும் சிப்ஸ் பாக்கெட் தரை நெருங்க நெருங்க உப்பிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். கதவு திறக்கும் நேரத்தில் உங்கள் மாமனார் 3,256 மீட்டர் காற்றைத்தான் மூச்சிழுத்துக்கொண்டிருப்பார்.

போகும் முன் அவருடைய மருத்துவரைப் பாருங்கள். இதயம், நுரையீரல் கோளாறு இருந்தால் அவர் சொல்வதே முடிவு. உயர நோய் (மெல்லிய காற்றில் உடம்புக்கு ஆக்சிஜன் போதாமல் வரும் கோளாறு) வராமல் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை (டயாமாக்ஸ் என்று கேட்டால் கடையில் தெரியும்) பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மி.கி. வீதம் காலை, மாலை கொடுக்கிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, லே சேர்ந்த முதல் இரண்டு நாள்வரை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் எடுக்கக் கூடாது. விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் இந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு சேருமா என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லே சேர்ந்தபின் முதல் 48 மணி நேரம் ஓய்வு. இது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. முதல் நாள் விடுதியை விட்டு வெளியே போக வேண்டாம். மறுநாள் சமதளத்தில் கொஞ்சம் நடக்கலாம். லே அரண்மனை, சாந்தி ஸ்தூபி படிகளெல்லாம் மூன்றாம் நாள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. தாகத்துக்கு ஏற்றபடி தண்ணீர் குடிக்கட்டும். ஐந்தாறு லிட்டர் குடித்தே தீர வேண்டும் என்பது தவறு. குளியலை ஒரு நாள் தள்ளிப்போட்டால் நல்லது. உயரம் காரணமல்ல, குளிரில் நடுங்கக் கூடாது என்பதற்காக.

முதல் இரவு தலைவலி, லேசான குமட்டல், தூக்கம் பிடிக்காமை பலருக்கும் வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஊரில் 97, 98 காட்டியது அங்கே 85 முதல் 90 காட்டலாம். எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், ஆளைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கினால், விடாமல் இருமினால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழம்பினால் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். லேயின் அரசு மருத்துவமனை அது, இந்த நோயைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கும் இடம். கடையில் விற்கும் கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி விடுதியிலேயே இருந்துவிடாதீர்கள். சொந்த சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. லேயில் அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மணாலி சாலையில் இறங்க வேண்டுமென்றால் முதலில் 5,328 மீட்டர் உயரமுள்ள டாங்லாங் லா கணவாயில் ஏற வேண்டும். ஸ்ரீநகர் சாலையில் 4,108 மீட்டர் ஃபோட்டு லா குறுக்கே நிற்கிறது. சிந்து நதியோரமாக கல்சி என்ற ஊர்வரை போனால்கூட 3,000 மீட்டர் அளவுக்குத்தான் இறங்க முடியும். காலை விமானமே வேகமான இறக்கம். இதனால்தான் முதல் இரண்டு நாளில் காட்டும் பொறுமை அவ்வளவு முக்கியம்.

லேயில் தங்கிப் பழகியபின் எங்கே போவது என்பதிலும் உயரத்தைப் பாருங்கள். நுப்ரா பள்ளத்தாக்கில் உள்ள திஸ்கித் 3,144 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. ஆனால் அங்கே போகும் வழியில் 5,359 மீட்டர் கர்துங் லா வருகிறது. அதன் உச்சியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் இறங்கிவிடலாம். பாங்காங் ஏரிக்கரை 4,250 மீட்டர் அளவில் இருக்கிறது, அங்கே இரவு தங்குவது வேறு விஷயம். உங்கள் மாமனாரை ஏரிக்குப் பகலில் அழைத்துப்போவதுகூட நீண்ட பயணம். நுப்ராவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எங்களுக்கு விமானமே வேண்டாம். ரயிலிலும் சாலையிலும் லே போக முடியுமா? எது நல்ல வழி? – வாசகர், நாகர்கோவில்

முடியும், நேரம் இருந்தால் அதுதான் அருமையான வழி. கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கத்துக் கட்ரா வரை வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து கட்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ். ரயிலிலேயே மூன்று நாள் போய்விடும். 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்தபின் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

ஸ்ரீநகரிலிருந்து லே 420 கி.மீ. சொச்சம். இதை இரண்டு நாளில் போங்கள். முதல் நாள் சோனமார்க், 3,528 மீட்டர் சோஜி லா, த்ராஸ் வழியாகக் கார்கில், இரவு அங்கே. கார்கில் 2,676 மீட்டர்தான், நன்றாகத் தூங்கலாம். மறுநாள் நமிகா லா, ஃபோட்டு லா தாண்டி லாமயுரு மடாலயம் பார்த்துவிட்டு மாலையில் லே. உயரம் படிப்படியாகப் பழகும் என்பதால் வயதானவர்களுக்கு இந்தப் பாதையே சிறந்தது. 2025 ஜனவரியில் திறந்த ஆறரை கி.மீ. சுரங்கப்பாதை சோனமார்க் வரை பனிச்சரிவு பயத்தைப் போக்கிவிட்டது. சோஜி லாவுக்கான சுரங்கம் இன்னும் வேலையில் இருக்கிறது. கணவாயில் ஒருவழிப் போக்குவரத்து நேரங்களை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மணாலி வழி அழகு கூடுதல், உடம்புக்குக் கஷ்டம் கூடுதல். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கம் ரோதாங் கணவாயைத் தவிர்த்து 46 கி.மீ.யைக் குறைத்திருக்கிறது. சாலை ஏறத்தாழ மே கடைசி அல்லது ஜூனிலிருந்து அக்டோபர்வரை திறந்திருக்கும். பலர் செய்யும் பிழை, முதல் இரவை 4,290 மீட்டர் சார்ச்சுவில் கூடாரத்தில் கழிப்பது. தலைவலியால் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் அங்கேதான் அதிகம். 3,200 மீட்டர் ஜிஸ்பாவில் தங்கிவிட்டு, மறுநாள் அதிகாலையில் கிளம்பி சார்ச்சுவை நிற்காமல் கடந்துவிடுங்கள். கேலாங்குக்கு முன்னால் தண்டி என்ற இடத்தில் டேங்கை நிரப்பிக்கொள்வது அவசியம். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்கே பலகையே வைத்திருந்தார்கள்.

போகும்போது சாலை, வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. ஏறும்போது உடம்பு பழகும், இறங்கும்போது நேரம் மிச்சம்.

கேள்வி: டெல்லிக்குப் பதில் சண்டிகர், ஸ்ரீநகர் வழியாகப் பறந்தால் நேரம் குறையுமா? – வாசகர், ஈரோடு

வானத்தில் குறையும். சண்டிகர்–லே ஆகாய தூரம் 390 கி.மீ., ஸ்ரீநகர்–லே 256 கி.மீ. ஆனால் தூரம் பாதிக்கும் கீழே குறைந்தும் ஸ்ரீநகரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல்தான் போடுகிறார்கள். ஏறுவதும் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதும் எங்கிருந்து போனாலும் அதேதானே. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு டெல்லியே வசதி. அங்கே லே விமானங்களின் எண்ணிக்கை அதிகம். ஒன்று ரத்தானால் இன்னொன்று கிடைக்கும். காஷ்மீரையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் மட்டும் ஸ்ரீநகர் வழி.

கேள்வி: லேயிலிருந்து திரும்பும்போது பெட்டி அடுத்த விமானத்தில் வரும் என்று சொல்லிவிட்டார்கள் என நண்பர் ஒருவர் புலம்பினார். அப்படி நடக்குமா? – வாசகர், சேலம்

நடக்கும். மெல்லிய காற்றில் விமானம் தூக்கக்கூடிய எடை குறைவு. குறிப்பாகக் கோடையில், அன்றைய வெப்பநிலைக்கு இவ்வளவுதான் எடை என்று கணக்குப் பார்த்து, அதற்குமேல் இருந்தால் பெட்டிகளில் சிலவற்றை அடுத்த விமானத்துக்கு ஒதுக்குவார்கள். மாத்திரைகள், சார்ஜர், ஒரு மாற்று உடை, வீட்டுச் சாவி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான். பெட்டியை அனுமதித்த எடைக்குள் வையுங்கள். லேயில் கூடுதல் எடைக்குப் பணம் கொடுத்தாலும் அது உங்களோடு வரும் என்ற உறுதி இல்லை. கேம்ப் அடுப்புக்கான கேஸ் டப்பா மீதி இருந்தால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், விமானத்தில் ஏற்ற முடியாது.

கேள்வி: லே விமான நிலையத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? அங்கே முதலில் விமானம் இறங்கியது எப்போது? – பள்ளி மாணவி, நெய்வேலி

நல்ல கேள்வி, கண்ணு. குஷோக் பகுலா ரிம்போச்சே என்பவர் பெயர். ஸ்பிடுக் மடாலயத்தின் தலைமை லாமாவாக இருந்தவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் பிறகு மங்கோலியாவுக்கான இந்தியத் தூதராகவும் இருந்தார். அந்த மடாலயம் ரன்வேயின் மேற்கு முனைக்குப் பக்கத்திலேயே குன்றின்மேல் இருக்கிறது. இறங்கும் விமானத்திலிருந்து பார்க்கலாம்.

முதல் விமானம் 1948 மே 24 அன்று இறங்கியது. ஏர் கமடோர் மெஹர் சிங் ஓட்டிவந்த டகோட்டா அது; ஜெனரல் திம்மையாவும் அதில் வந்தார். பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம், லேயைக் காப்பாற்றப் படை போய்ச்சேர வேறு வேகமான வழி இல்லை. அறையில் அழுத்தம் பராமரிக்கும் வசதி அந்த விமானத்தில் கிடையாது. அது இறங்கிய மண் ஓடுதளத்தை ஊர்மக்களைக் கொண்டு போட்டுக்கொடுத்தவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. மேலே சொன்ன மருத்துவமனைக்கு வைத்திருப்பது அவருடைய பெயரைத்தான்.

கேள்வி: ஜன்னல் இருக்கை எந்தப் பக்கம் எடுப்பது? அங்கே தமிழ்நாட்டு சிம் வேலை செய்யுமா? – வாசகர், புதுச்சேரி

போகும்போது விமானம் வடக்கு நோக்கிப் போகிறது, காலை வெயில் வலப்பக்கம் கண்ணைக் கூசவைக்கும். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் விழுந்த பனிமலைகள் தெளிவாகத் தெரியும். வானம் சுத்தமாக இருந்தால் 7,135 மீட்டர் நுன் சிகரமும் அதன் பக்கத்தில் குன் சிகரமும் அந்தப் பக்கம்தான். இறக்கைக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ எடுங்கள். கிளம்பி அரை மணி நேரத்தில் பச்சை மலை முடிந்து பனியும் பழுப்பு மண்ணும் தொடங்கும், அதைத் தவறவிடாதீர்கள். லேயில் இருப்பது ராணுவத்தின் விமானத் தளமும்கூட. தரையிறங்கியபின் படம் எடுக்கக் கூடாது, பணிப்பெண்கள் ஜன்னல் மறைப்பை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். குடும்பத்தில் ஒருவருடைய எண்ணையாவது புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விமானம் ரத்தானால் நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்புவது டிக்கெட்டில் கொடுத்த எண்ணுக்குத்தான், எனவே அந்த எண்ணையே டிக்கெட்டிலும் கொடுங்கள்.